மகனின் பையில் மாத்திரை, அப்பாவின் கையில் நடுக்கம்: யாரை முதலில் டாக்டரிடம் கூட்டிப் போவது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன் அம்மா. மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் அதைச் சுருக்கமாக இங்கே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனுக்கு வயது 17, ப்ளஸ் டூ படிக்கிறான். போன வாரம் அவன் பையில் டேபென்டடால் என்று அச்சடித்த மாத்திரை அட்டையும் ஒரு சின்ன சிரிஞ்சும் கிடைத்தன. பத்து மாத்திரை அட்டையில் நான்குதான் மிச்சம். முதலில் நண்பனுடையது என்றான், அப்புறம் அழுதுகொண்டே ஆறு மாதமாகப் போடுவதாக ஒப்புக்கொண்டான். ஒரு மறுவாழ்வு மையத்தில் விசாரித்தீர்கள். வேன் அனுப்புகிறோம், மூன்று மாதம் விட்டுவிடுங்கள், பார்க்க வரக்கூடாது என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர், ஆளுக்குத் தெரியாமலேயே சாப்பாட்டில் கலந்து கொடுக்கப் பொடி இருக்கிறது என்கிறார். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயம். ஊரில் இருக்கும் உங்கள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று ஒரு யோசனை. கடைசியில் ஒரே ஒரு வரி: இவன் அப்பாவும் 15 வருடமாகத் தினம் இரண்டு குவார்ட்டர் குடிப்பவர், காலையில் கை நடுங்கும், ஆனால் மகனுக்காக வருகிற கார்த்திகை ஒன்றாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டு அன்றோடு நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக 16 வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் வீட்டில் இப்போது உடனடி ஆபத்து அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. மகனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கணவரைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. 15 வருடம் பார்த்துப் பார்த்து நம் கண்ணுக்குப் பழகிப்போய்விடுகிறது. ஆனால் மகன் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஒரு வாரம் துடிப்பான், பெரும்பாலும் உயிருக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் கணவர் ஒரே நாளில் குடியை நிறுத்தினால் உயிரே போகலாம்.

கொஞ்சம் விளக்குகிறேன். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் ஊர் பிராந்தியில் சாராயச் சத்து ஏறக்குறைய 43 சதவீதம். இரண்டு குவார்ட்டர் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் சுத்தமான ஆல்கஹால் உடம்புக்குள் போகிறது. ஆல்கஹால் மூளையை அமுக்கும் பொருள், வண்டியில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பது மாதிரி. 15 வருடம் யாரோ பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால், வண்டி ஓட வேண்டுமே என்று மூளை ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்துக்கொள்கிறது. ஒரு நாள் பிரேக்கிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அந்தக் காலை நேரத்துக் கை நடுக்கம் அதன் முதல் எச்சரிக்கை. கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்திலேயே அது ஆரம்பித்துவிடுகிறது. ஒரு கட்டிங் உள்ளே போனதும் கை நின்றுவிடுகிறது என்றால், மூளை முழுவதுமாக அதைச் சார்ந்துவிட்டது என்று பொருள். கட்டிங்கும் போகாவிட்டால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி தடுமாற்றம் வரலாம்.

எலும்பு முறிவு வார்டில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பைக்கில் விழுந்து கால் உடைந்து ஒருவர் சேர்ந்திருப்பார். முதல் நாள் நன்றாகப் பேசுவார். மூன்றாம் நாள் ராத்திரி போர்வையிலிருந்து எதையோ பொறுக்கி எடுத்துக்கொண்டே இருப்பார், பூச்சி ஊர்கிறது என்பார். இல்லாத பீடியைப் பற்ற வைப்பார். மனைவியைப் பார்த்து, நீ யாரும்மா என்பார். சட்டை வியர்வையில் நனைந்திருக்கும், உடம்பு கொதிக்கும். வீட்டார் பேய் பிடித்துவிட்டது என்று எலுமிச்சம்பழம் வாங்க ஓடுவார்கள். சேரும்போது, இவர் தினமும் குடிப்பவர் என்று ஒரு வார்த்தை யாராவது டாக்டரிடம் சொல்லியிருந்தால் அந்த ராத்திரியே வந்திருக்காது. கார்த்திகை பிறந்து மூன்று நான்கு நாளில், கறுப்பு வேட்டியோடு, கழுத்தில் மாலையோடு, நாக்கைக் கடித்து ரத்தம் வழிய வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மாலை போட வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். மருந்து செய்யாததை அந்த 48 நாள் பலருக்குச் செய்கிறது. விடியற்காலைக் குளியல், பஜனை, ஒரு குருசாமியின் கண்காணிப்பு, தெருவே 'சாமி' என்று கூப்பிடுவதில் வரும் மரியாதை, இதெல்லாம் சின்ன விஷயமில்லை. குடிக்காமல் ஒரு மண்டலம் இருக்க முடியும் என்று தன்னைப் பற்றித் தானே தெரிந்துகொள்வது பெரிய முதல். நான் கேட்பதெல்லாம், மாலைக்கு முன்னால் மருத்துவமனை. கார்த்திகை பிறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது போதும். குளோர்டயசெபாக்சைடு, டயசெபம், லோராசெபம் போன்ற மருந்துகளில் ஒன்றை முதல் நாள் கூடுதலாகவும் அடுத்தடுத்த நாள் குறைத்தும் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் பத்திரமாக இறக்கிவிடுவார்கள். கூடவே பி1 வைட்டமின் ஊசியாகப் போடுவார்கள். அதைச் சத்து ஊசிதானே என்று விட்டுவிடக்கூடாது. பல வருடம் குடித்தவர்களுக்கு அந்த ஒரு சத்து இல்லாமல் போனாலே ஞாபக சக்தி நிரந்தரமாகக் கெட்டுவிடும். களைப்பாக இருக்கிறார் என்று பக்கத்துக் கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதும் ஆபத்து, பி1 முதலில் போக வேண்டும். ஏற்கெனவே வலிப்பு வந்தவர், கல்லீரல் கெட்டவர் என்றால் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். அதுவரை அவர் தானாக ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். என்னடா இது, நிறுத்துகிறேன் என்பவரை நிறுத்தாதே என்கிறார்களே என்று உங்களுக்குத் தோன்றும். நிறுத்த வேண்டிய இடத்தில், நிறுத்த வேண்டிய விதத்தில் நிறுத்தட்டும் என்றுதான் சொல்கிறேன்.

இனி மகன்.

டேபென்டடால் ஓபியாய்டு வகை, அதாவது அபின் மாதிரி வேலை செய்யும் வலி மாத்திரை. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கடும் நரம்பு வலிக்கும் டாக்டர் எழுதிக் கொடுப்பது. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. இதே வகையைச் சேர்ந்த டிரமடால் 2018இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டு, அதை விற்பதும் வாங்குவதும் கடினமானது. பையன்கள் கையில் இப்போது அதிகம் கிடைப்பது டேபென்டடால்தான். கஞ்சா என்றால் வாசனை வரும், சாராயம் என்றால் நாற்றம் வரும். மாத்திரைக்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் ஆறு மாதம் ஒரே வீட்டில் இருந்தும் உங்களுக்குத் தெரியவில்லை. தெரியாமல் போனதற்கு உங்களை நீங்களே அடித்துக்கொள்ளாதீர்கள். மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்த ஒரு பையனை ஓபியில் பார்த்தேன். கூச்ச சுபாவம் சார், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்றார் அவன் அம்மா. நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்கக் கையை மடக்கிவிட்டபோதுதான், முழங்கை மடிப்பில் வரிசையாகக் கறுத்துப்போன புள்ளிகளைப் பெற்றவள் முதல் தடவையாகப் பார்த்தார்.

விழுங்கும் மாத்திரையை நசுக்கித் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றுவதில் இரட்டை ஆபத்து இருக்கிறது. மருந்தோடு சேர்த்து, மாத்திரையைக் கட்டிப் பிடித்திருக்கும் மாவும் டால்க்கும் ரத்தத்துக்குள் போகின்றன. அவை கரைவதில்லை. நரம்பு அடைத்துக் கை வீங்கும், சீழ் வைக்கும், நுரையீரலின் மெல்லிய ரத்தக் குழாய்களில் போய் அடைந்துகொள்ளும். கிருமி இதய வால்வு வரை போய்த் தங்குவதும் உண்டு. ஒரே சிரிஞ்சை நண்பர்கள் மாற்றி மாற்றிப் போட்டிருந்தால் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி மூன்றுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். இதைத் திட்டாமல், சாதாரணக் குரலில் அவனிடம் கேளுங்கள்: யார் யார் ஊசியை மாற்றிக்கொண்டீர்கள்? பயந்து தள்ளிப்போட வேண்டாம். ஹெபடைடிஸ் சி இன்று 12 வார மாத்திரையில் பெரும்பாலானவர்களுக்கு முழுக்கக் குணமாகிறது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். நைட்ரசெபம், அல்பிரசோலம் மாதிரி தூக்க மாத்திரையும் சேர்த்துப் போடுகிறானா? போடுகிறான் என்றால் கணக்கே மாறுகிறது. ஓபியாய்டும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு நிற்கும் ஆபத்து கூடும். தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அப்பாவுக்குச் சொன்ன அதே வலிப்பு மகனுக்கும் வரலாம்.

டேபென்டடால் மட்டும்தான் என்றால், நிறுத்திய மறுநாளே கண்ணில் மூக்கில் நீர் வடியும், கொட்டாவியாக வரும், மயிர்க்கூச்செறியும், வயிறு போகும், கால் குடைச்சலில் ராத்திரி முழுக்கப் புரளுவான். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், ஒரு வாரத்தில் பெரும்பகுதி அடங்கிவிடும். இதை அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டிய அவசியமே இல்லை, தணிக்க மருந்து இருக்கிறது. பெற்றவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. அந்த ஒரு வாரம் முடிந்ததும் பிள்ளை சாப்பிடுகிறான், தூங்குகிறான், முகம் தெளிந்துவிட்டது, குணமாகிவிட்டான் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அதிக ஆபத்தான காலம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். ஒரு மாதம் கழித்து ஏதோ ஒரு சாயங்காலம், பழைய நண்பன் ஒருவன் கொடுத்ததைப் பழைய அளவிலேயே ஏற்றினால், அந்த அளவே மூச்சை நிறுத்திவிடும். ஓபியாய்டில் சாகும் இளைஞர்களில் பலர், விட்டுவிட்டு மறுபடி ஒரே ஒரு முறை போட்டவர்கள்.

அதனால் வீட்டில் எல்லோரும் ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எழுப்பினால் எழவில்லை, கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கிறது, உதடு நீலமாகிறது, குறட்டை மாதிரி சத்தத்தோடு விட்டுவிட்டு மூச்சு வருகிறது என்றால் 108க்கு உடனே போன் செய்யுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். என்ன மாத்திரை போட்டான் என்று மறைக்காமல் சொல்லுங்கள். நலாக்சோன் என்று ஓர் ஊசி இருக்கிறது, சில நிமிடத்தில் மூச்சைத் திரும்பக் கொண்டுவரும். மானத்துக்குப் பயந்து, காய்ச்சல் மாத்திரை சாப்பிட்டான் என்று சொன்னால் அந்த ஊசியைப் போட யாருக்கும் தோன்றாது.

மறுவாழ்வு மையத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. நல்ல மையங்கள் இருக்கின்றன. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடி என்பது நோய், குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை என்று நம் ஊருக்குச் சொல்லிக் கொடுத்த இடம். ஆனால் வேன் அனுப்புகிறோம், மூன்று மாதம் முகத்தைப் பார்க்காதீர்கள் என்று போனிலேயே சொல்லும் இடத்தில் உங்கள் பையனை விடாதீர்கள். அப்படித் தூக்கிக்கொண்டு போகப்பட்ட பையன் ஒருவன் பிறகு எங்களிடம் வந்தான். ஆறு மாதம் பேசினேன், ஒரு நாள்கூட அவன் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் பேசுவான். மாத்திரையை விட்டுவிட்டான், அப்பாவோடு பேசுவதையும் விட்டுவிட்டான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், இது உங்கள் கையில் இருக்கும் ஆயுதம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதையால் வரும் பாதிப்பையும் மனநோய்க்குள் சேர்க்கிறது. 18 வயது ஆகாத ஒருவரை உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டுமானால் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். பெரியவர்களோடு ஒரே அறையில் வைக்கக்கூடாது. இருக்கும் நாள் முழுவதும் பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் ஒருவரோ கூடவே தங்க வேண்டும். பார்க்க வராதே என்பது சட்டத்துக்கு நேர் எதிர். சங்கிலியால் கட்டுவது யாருக்கும் எந்த வயதிலும் தடை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் கட்டிவைப்போம் என்று சொல்கிற இடம் இருந்தால், அங்கே சிகிச்சை நடக்கவில்லை. எந்த மையத்துக்குப் போனாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: மனநல ஆணையத்தில் பதிவு எண் என்ன, மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், நான் கூடவே தங்கலாமா. முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

உங்கள் மகன் விஷயத்தில் பெரும்பாலும் சேர்க்கவே வேண்டியிருக்காது என்பது என் எண்ணம். ஆறு மாதம்தான் ஆகிறது, ஒப்புக்கொண்டு அழுதிருக்கிறான், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறான். வெளிநோயாளியாக வாரா வாரம் வந்தாலே நடக்கும். தேவைப்பட்டால் டாக்டர் பியூப்ரனார்பின் மாதிரி, நாக்கடியில் வைக்கும் மருந்தைத் தருவார். ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்று அப்போது சண்டை போடாதீர்கள். ஊசியும் தெருமுனையும் இல்லாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல் மூளையை நிலையாக வைத்திருக்கிற மருந்து அது. அதில் இருந்தபடியே பரீட்சை எழுதலாம்.

அந்தப் பொடி. இதற்காக உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வாங்காதீர்கள். ஆளுக்குத் தெரியாமல் குடியை மறக்கச் செய்யும் என்று விற்கப்படும் பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. டைசல்ஃபிராம் கலந்திருக்கலாம் என்பது என் பயம். அது ஒழுங்கான மருந்துதான், 1940களின் கடைசியில் டென்மார்க்கில் குடிநோய்க்கென்று பயன்பாட்டுக்கு வந்தது. அதைச் சாப்பிடுபவர் குடித்தால் ஆல்கஹால் உடைகிற வழியில் பாதியில் அடைபட்டு நஞ்சு தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு இருக்கும். 'குடித்தால் எனக்கு இப்படி ஆகும், தெரிந்துதான் சாப்பிடுகிறேன்' என்று கையெழுத்துப் போட்டவருக்கு அது ஒரு வேலி. இதயம் எப்படி இருக்கிறது, கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல், தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுத்தால், டாஸ்மாக் வாசலில் விழுந்து சாகவும் கூடும். பிழைத்துக்கொண்டாலும் நீங்கள் வைக்கும் சாப்பாட்டை அதன் பிறகு அவர் நம்பிச் சாப்பிட மாட்டார். என்னிடம் வந்த ஒருவர் இரண்டு வருடமாக வீட்டில் கை நனைக்காமல், ஓட்டலிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகனுக்கோ இது எந்த விதத்திலும் உதவாது, ஓபியாய்டுக்கும் டைசல்ஃபிராமுக்கும் சம்பந்தமே இல்லை.

வேனும் பொடியும் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. ஆளுக்குத் தெரியாமல் ஆளைத் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை. நான் பார்த்தவரையில் மீண்டவர்கள் எல்லோருமே, என்ன மருந்து, எதற்கு, எத்தனை நாள் என்று தெரிந்து எடுத்துக்கொண்டவர்கள். ஏமாற்றிக் கூட்டி வரப்பட்டவர்களிலும் சிலர் மீண்டிருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கும் சிகிச்சை, யாரோ ஒருவர் உட்கார்ந்து உண்மையைச் சொன்ன அன்றுதான் ஆரம்பித்தது.

போலீஸ் பயம். டாக்டரிடம் சொன்னால் ஸ்டேஷனுக்குப் போய்விடும் என்று நினைக்காதீர்கள், நோயாளியின் ரகசியத்தைக் காப்பது சட்டப்படி அவர்கள் கடமை. உங்கள் மகனுக்கு 18 ஆகவில்லை, ஏதாவது வழக்கில் மாட்டினாலும் அது சிறார் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து அரசின் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. மறுபக்கம், சிறுவர்களுக்குப் போதைப்பொருள் கொடுத்தவருக்கு 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை சிறை. விற்றவனைப் பற்றி 10581 என்ற இலவச எண்ணுக்குச் சொல்லலாம். ஆனால் முதலில் மகனைப் பத்திரப்படுத்துங்கள், அவனைச் சாட்சியாக நிறுத்தி ஆரம்பிக்க வேண்டாம்.

அண்ணன் வீடு. இது பாதி நல்ல யோசனை. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை, 1971இல் ஊர் திரும்பிய பிறகு லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். யாரும் எதிர்பார்க்காத முடிவு அது. போதை கிடைத்த இடமும் அந்தச் சூழலும் பின்னால் போய்விட்டன, அவர்கள் வேறொரு வாழ்க்கைக்குத் திரும்பினார்கள். நம் பிள்ளைகளுக்கு நடப்பது இதற்குத் தலைகீழ். வெளியே போய்ச் சுத்தமாகிவிட்டு, அதே தெருவுக்கு, அதே டீக்கடை முக்குக்குத் திரும்பி வருகிறார்கள். அந்த முக்கைப் பார்த்ததும் நாக்கில் ருசியே வந்துவிடும் சார் என்று ஒரு பையன் சொன்னான். மூளை அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறது, மனசு வைக்காததால் வருவதில்லை. பரீட்சை முடிந்து விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போகட்டும், ஆனால் மாமாவுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அந்த ஊரிலும் மருந்து தொடர வேண்டும். ஒளித்து வைக்க அனுப்பாதீர்கள். திரும்பி வந்ததும் சாயங்காலம் நாலிலிருந்து ஏழு மணிக்குள் எங்கே இருப்பான், யாரோடு இருப்பான் என்பதை அவனோடு உட்கார்ந்தே முடிவு செய்யுங்கள்.

எங்கே தப்பு செய்தோம் என்று கேட்டிருந்தீர்கள். அடிமையாகும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி ரத்தத்தில் வருவது. மீதியில் சூழல், நண்பர்கள், மனவேதனை, கையில் கிடைத்த பொருள் எல்லாம் அடங்கும். இந்த வயதில், வேண்டாம் என்று தடுக்கும் மூளைப் பகுதி முழுசாக வளர்ந்திருக்காது, அது முடிய 25 வயது வரை ஆகும். அதனால்தான் பெரியவர்களைவிட இவர்கள் சீக்கிரம் மாட்டுகிறார்கள். ஆனால் அவனிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள், பதிலை அவசரப்படுத்தாமல் காத்திருங்கள்: முதல் தடவை போட்டபோது எது நின்றது? 'ஜாலிக்குப் போட்டேன்' என்பது எல்லோரும் முதலில் சொல்வது. நான் கேட்டபோது ஒரு பையன் ரொம்ப நேரம் கழித்து, 'அப்பா ராத்திரி கதவைத் தட்டுற சத்தம் காதுல கேட்டுக்கிட்டே இருக்கும், அது அன்னைக்குக் கேட்கல' என்றான். உங்கள் வீட்டில் பதில் வேறாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் சிகிச்சையில் பாதி அந்தப் பதில்தான்.

அப்பாவும் மகனும் ஒரே நேரத்தில் மருத்துவமனைக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2019இல் வெளியான தேசிய ஆய்வு இந்தியாவில் 5.7 கோடிப் பேருக்குக் குடிப்பழக்கத்துக்கு உதவி தேவை என்றது. குடிக்கு முழுக்க அடிமையானவர்களில் சிகிச்சை பெற்றவர்கள் 38 பேரில் ஒருவர்தான். உங்கள் கணவர் மகனுக்காக நிறுத்துகிறேன் என்று தானாக வாய் திறந்திருக்கிறார். அந்த வார்த்தை ஆறிப்போவதற்குள் கூட்டிப் போங்கள். எத்தனை சத்தியம் பார்த்தாச்சு, கோயிலில் கயிறு கட்டியதே அறுந்துபோச்சு என்று இந்த முறை சொல்லாதீர்கள். இடையில் ஒரு நாள் சறுக்கினால் சிகிச்சை தோற்றதாக அர்த்தமில்லை. சர்க்கரை ஏறினால் மருந்தை மாற்றுவது போல அதற்கும் மாற்றிப் பார்ப்பார்கள்.

உங்களுக்கும் யாராவது வேண்டும். கணவரின் முதலாளிக்குப் போன் செய்து காய்ச்சல் என்று சொல்வது, கடன்காரருக்கு வாசலில் பதில் சொல்வது, இதையெல்லாம் 15 வருடமாகச் செய்து களைத்திருப்பீர்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலேயே பல ஊர்களில் நடக்கின்றன. குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் தனியாக இருக்கிறது, காசு கிடையாது. ராத்திரி நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் மனநல உதவிக்கு 14416, போதை பற்றிக் கேட்க 14446. எட்டாவது படிக்கும் மகளும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அவளிடமும் விஷயத்தை மறைக்காதீர்கள். அவளுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும், மீதியைக் கற்பனை செய்து பயந்துகொண்டிருப்பாள்.

சரி, நாளைக் காலை. உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு ஓபிக்கு எட்டு மணிக்கே போய்விடுங்கள். தாமதமானால் சீட்டு வரிசை நீளும். 'கலங்கரை' என்ற போதை மீட்பு மையம் அங்கே இருந்தால் நேராக அங்கே கேளுங்கள். இரண்டு பேருக்கும் தனித்தனிச் சீட்டு போடுங்கள். கணவர் கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார், எவ்வளவு குடித்தார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதையும். மகனிடம் இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள், எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று. அப்பாவும் தனக்காக வருகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த மாத்திரை அட்டையைக் கோபத்தில் குப்பையில் போட்டிருந்தால் தேடி எடுத்து வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.